இளமை நினைவும் உரிமையும்

ஒரு கலைப்படைப்பு அதனைப் படைத்தவனுக்கு உரியதா, விலைகொடுத்து வாங்கியவனுக்கு உரியதா, நெஞ்சிற் சுமந்து வளர்ந்த இரசிகனுக்கு உரியதா? அமெரிக்காவின் ‘ஸ்டார் வோர்ஸ்’ திரைப்படங்களின் வரலாறு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

1977 இல் முதற்படத்தை எடுத்தவர் ஜோர்ஜ் லூக்காஸ். பழைய படங்களுக்குப் பின்னாளில் வர்ணம் பூசுவதை எதிர்த்து 1988 இல் அமெரிக்கக் காங்கிரசின் முன் பேசியவரும் அவரே. இலாபத்துக்காகக் கலையைத் திரிப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது அவரது வாதம். ஆனால் 1997 இல் தம் முதல் மூன்று படங்களையும் அவரே மாற்றி வெளியிட்டார். 2012 இல் அவரது நிறுவனத்தை டிஸ்னி ஏறத்தாழ 405 கோடி டொலருக்கு வாங்கிற்று.

இரசிகர் ஏமாற்றமடைந்தது நியாயமே. 1989 இல், நாடு பேணவேண்டிய படங்களென அமெரிக்கா முதன்முதல் தெரிந்தெடுத்த 25 படங்களுள் 1977 ஆம் ஆண்டுப் படமும் ஒன்று. பொதுச் சொத்தாகிவிட்ட படைப்பை அதன் மூலவடிவிற் பேணுமாறு கேட்பது மக்களின் உரிமை.

ஆயின், பத்து வயதில் தான் அடைந்த களிப்பைப் புதிய படமும் தரவேண்டுமென ஒருவன் கேட்பது வேறு. படம் மட்டுமன்று, அதனைப் பார்ப்பவனும் மாறிவிட்டான். அவன் இழந்தது தன் இளமையை; அதனைத் திருப்பித்தர எந்தக் கலைஞனாலும் இயலாது.

எனினும் அதனைத் திருப்பித் தருவதாகக் கூறியே வணிகம் நடைபெறுகின்றது. 1977 ஆம் ஆண்டு நத்தாருக்குள் கெனர் நிறுவனத்தாற் பொம்மைகளைச் செய்து முடிக்க இயலவில்லை. அது, பொம்மைகளைப் பின்னர் அனுப்புவதாக உறுதிகூறும் சீட்டை அட்டை உறையிலிட்டு விற்றது. அன்பை முன்பணமாகப் பெறும் இவ்வித்தை இன்றும் தொடர்கின்றது. மீண்டும் மீண்டும் பணம் கொடுத்தவன் ஈற்றில் தன்னையே உடைமையாளன் என நம்பிவிடுகிறான்.

இந்த நம்பிக்கை யாரைத் தாக்கிற்று? 2017 இல் வெளியான ‘த லாஸ்ட் ஜெடாய்’ படத்தில் நடித்த கெலி மரீ ட்ரான் வியட்நாமிய வழிவந்தவர். இனத்தையும் பெண்மையையும் இழித்த வசைகளுக்கு ஆளாகி, 2018 இல் தம் இன்ஸ்டகிராம் பதிவுகளை அவர் அகற்றினார். கதையை எழுதியவர் அவரல்லர், நிறுவனமும் அவருடையதன்று. அவர் கூலிக்கு நடித்த ஒரு கலைஞர். முதலாளியிடம் கேட்கவேண்டிய கணக்கை உழைப்பவளிடம் கேட்பது கலைப்பற்றாகாது.

படைப்பைக் கண்டிக்கும் உரிமை இரசிகனுக்கு உண்டு. அதற்காகப் பிறிதொரு மனிதரை இழிவுபடுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. அநீதியை எதிர்த்தெழும் வீரரின் கதையைக் கண்டு வளர்ந்தவர்கள் இதனை உணராவிடின், அவர்கள் அக்கதையிலிருந்து கற்றதுதான் என்ன?