மணலில் கிடந்த காசு யாருக்கு உரியது?

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடல் இல்லை. ஆயினும் நம் குடும்பத்தினர் விடுமுறை நாட்களில் தூத்துக்குடிக்கும் காயல்பட்டினத்துக்கும் சென்று வருகின்றனர். கரை மணலைக் கிளறிய பிள்ளைகள், களிம்பேறிய செப்புக் காசொன்றைக் கொண்டுவந்து காட்டுவதும் உண்டு. “உரியவன் மறைந்து நூற்றாண்டுகள் ஆயின, எடுத்தவனுக்கே அது ஹலால் அன்றோ?” என்று அன்பர் ஒருவர் வினவினார். எளிய வினாவாகத் தோன்றும், எளியதன்று.

கண்டெடுத்த பொருளைப் பிக்ஹு நூல்கள் இரண்டாகப் பகுக்கின்றன. ஒருவர் தவறவிட்டது ‘லுக்தா’. அதனை ஓராண்டு அறிவித்தல் வேண்டும். முற்காலத்தார் புதைத்தது ‘ரிகாஸ்’. அதில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்கக் கடமைப்பட்டவர் ஆகிறோம். எது எதுவென்று அறிவது எங்ஙனம்? காசின் முகத்தைப் பார் என்கின்றனர் இமாம்கள். கலிமா பொறித்ததாயின் லுக்தா. ஜாஹிலிய்யாக் காலத்தாரின் முத்திரையாயின் ரிகாஸ். மேற்பரப்பில் கிடந்ததை லுக்தாவாகக் கொள்ளும் ஷாஃபிஈ அறிஞர்களும், வெள்ளம் அரித்து வெளிப்படுத்தியது எனத் தெரிந்தால் அதனைப் புதையலாகவே கருதுகின்றனர். அலை அரிக்கும் கரைக்கும் இது பொருந்தும் என்றே எனக்குப் படுகிறது. ஆக, காலம் கடந்தது என்பது மட்டுமே எந்தக் கடமையையும் நீக்கிவிடவில்லை.

1878-இல் இயற்றப்பட்ட இந்தியப் புதையல் சட்டமும் அவ்வாறே பேசிற்று. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய பொருளைக் கண்டவர், அது என்ன, எங்கே, எந்நாளில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சர்க்கார் அதனை எடுத்துக்கொண்டால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். ஷரீஅத் ஐந்திலொன்றைக் கேட்கிறது; இச்சட்டம் ஐந்திலொன்றைச் சேர்த்துக் கொடுக்கிறது!

‘எங்கே’ என்ற அந்தச் சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. லுக்தாவை எடுத்தவர் அதன் பையையும், பையைக் கட்டிய கயிற்றையும் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உரியவர் வந்து அடையாளம் கூறும்போது சரிபார்க்க அது உதவும். மணலில் புதைந்த காசுக்குப் பை எது? அது கிடந்த மண்ணடுக்கே. நம் மாவட்டத்தில், வைப்பாற்றின் வடகரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளத்தில் 2022 முதல் தொல்லியல் துறையினர் அகழ்ந்தபோது, ஒரு சங்கு வளையல் துண்டுக்கும் அது கிடைத்த ஆழத்தை எழுதி வைத்தனர். கரூரில் அமராவதி மணலைச் சலித்தவர்களால் சேரர் காசுகளும் ரோமர் காசுகளும் வெளிவந்தன. அதனால் வரலாறு பெரிதும் பயன்பெற்றது. எனினும் அவை எதன் அருகே, எந்த அடுக்கில் கிடந்தன என்பது போயிற்று. மன்னன் பெயர் கைக்கு வந்தது, பை வரவில்லை. இறந்தவனுக்கு வாரிசு இல்லாதிருக்கலாம். அவனைப் பற்றி அறியவிருக்கும் மக்களுக்கு உரிமை இல்லையா?

ஒரு செப்புக் காசுக்கு இத்தனை பேச்சா எனலாம். அற்பப் பொருளை ஓராண்டு அறிவிக்க வேண்டியதில்லை என்று நூல்களும் இடம் தருகின்றன. அலை உருட்டி உருட்டித் தேய்த்த டச்சுக் கம்பெனிக் காசு தன் இடத்தை என்றோ இழந்துவிட்டது. அக்கம்பெனியே 1799-இல் மறைந்தது. அதைப் பிள்ளை வைத்துக்கொண்டால் குடி முழுகிப் போகாது. புயல் திறந்துவிட்ட பழஞ்சுவரின் அடியைக் கருவி கொண்டு தோண்டுவது வேறு. அதை நான் ஒப்பேன்.

இன்னொன்று. காசு கிடைத்ததும் புளி போட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. கலிமாவா, முத்திரையா என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய எழுத்தே அதில் தேய்ந்து போகிறது.