முதல் ஊசி யாருக்காக?

முற்றிய புற்றுநோயாளிக்குப் புதிய எதிர்ப்பொருள் மருந்தை முதன்முதலில் செலுத்திப் பார்ப்பது அறமா? முதல்கட்டச் சோதனையின் முதன்மை நோக்கம் அவரைக் குணப்படுத்துவதல்ல, எந்த அளவுவரை உடல் தாங்கும் என்றறிவது. 2012இல் வெளியான, நிவோலுமாப் என்னும் எதிர்ப்பொருள் மருந்தின் முதல்கட்ட ஆய்வில் 296 பேர் மருந்தேற்றார்கள்; மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் கொண்டவர்களில் நூற்றுக்கு 28 பேருக்குக் கட்டி சுருங்கியது, நுரையீரல் பாதிப்பால் மூவர் இறந்தார்கள். அப்படியானால் நோயாளி பிறருக்கான கருவியாகிவிடுகிறார் என்று தோன்றலாம். ஆனால் மனிதரைக் கருவியாக மட்டும் நடத்துவதையே மெய்யியலாளர் காண்ட் தடுத்தார். ஆய்வின் குறிக்கோளைத் தனதாக ஏற்பவர் வெறும் கருவியாவதில்லை.

சாவை எதிர்நோக்குபவரின் சம்மதம் நப்பாசையில் பிறந்தது என்பார்கள். ஆசை இருப்பதாலேயே அறிவு மங்கிவிடாது. உண்மையை மறைத்தால்தான் மங்கும். ‘இதனால் உங்களுக்குப் பலனில்லாமல் போகலாம்’ என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்லாதவரை, சம்மதப் படிவத்தில் இருப்பது கையெழுத்து மட்டுமே.