வருகைப் பதிவேட்டில் இல்லாதவள்

வீட்டு வரி ரசீதில் பெரும்பாலும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறோம். அதற்குள் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு. ஆயிரம் ரூபாய் கட்டும் வீடு, நூலகத்துக்கென்று மேலும் நூறு ரூபாய் கொடுக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பலனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார். அந்தச் சட்டத்தின் வழியாக வந்ததுதான் இந்த வரி. ஊராட்சியும் நகராட்சியும் மாநகராட்சியும் இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். வசூல் நடக்கிறது. ஒப்படைப்புதான் பல இடங்களில் ஆண்டுக்கணக்காக நிலுவையில் கிடக்கிறது.

வீடு பெரும்பாலும் ஆணின் பெயரில் இருப்பதால் வரி கட்டுவது ஆண்தான் என்று ரசீது சொல்லும். வாடகைக்கு இருப்பவள் அதை வாடகைக்குள் வைத்துக் கட்டுகிறாள். வரி கட்டும் மாதத்தில் காய்கறிச் செலவைக் குறைப்பவளும் அதில் ஒரு பங்கைக் கட்டுகிறாள். ஆக, நூலகத்தின் வாசலை ஒருநாளும் மிதிக்காத பெண்ணும் அதற்குப் பணம் கொடுத்தவள். கொடுத்தும் அங்கே போகாதவளுக்கு அந்த இடத்தின் மீது என்ன உரிமை இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பணம் போதவில்லை என்றதும் உள்ளாட்சிகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: குடிநீரா, நூலகமா? பெண் உறுப்பினர்களிடம் இதைக் கேட்டால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள் என்று கேட்பவருக்குத் தெரியும். தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதி இப்போது பெண்களுக்கு. குடம் தூக்கியவர்களுக்குத்தான் தண்ணீரின் அருமை தெரியும். ஆனால் நூலக வரி தண்ணீருக்காக வசூலித்த பணம் அல்ல. சீட்டுப் பிடிக்கும் அக்கா அந்தப் பணத்தில் தன் வீட்டுக்கு மோட்டார் போட்டுக்கொண்டால், தண்ணீர் அவசியம்தானே என்று நாம் விட்டுவிடுவோமா? பிறர் நம்பி ஒப்படைத்த பணத்துக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். இந்தப் பாதி பதில் எளிது.

மறுபாதி கடினம். நிலுவையெல்லாம் வந்து சேர்ந்த பிறகும் பணம் போதவில்லை என்றே வைத்துக்கொள்வோம். எதைக் குறைப்பது? இங்கேதான் வருகைப் பதிவேடு மேசைக்கு வருகிறது. நான் போகும் கிளை நூலகத்தின் நூலகரிடம் ஒருமுறை இதைப் பற்றிப் பேசினேன். "லேடீஸ் யாரும் வர்றதில்ல மேடம், ரெஜிஸ்டரைப் பாருங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. பக்கத்துக்கு முப்பது கையெழுத்து இருந்தால் அதில் மூன்றோ நான்கோதான் பெண்களுடையவை.

அந்த நூலகம் காலையில் திறந்து நண்பகலில் மூடும். மறுபடியும் திறப்பது மாலை நான்கு மணிக்கு. காலையில் அவள் அடுப்படியில் நிற்கிறாள். மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, துணி உலர்த்தி அவள் கொஞ்சம் நிமிர்வது பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில். சரியாக அந்த நேரத்துக்குத்தான் பூட்டு. மீறிப் போனாலும் முன்னறையில் நாளிதழ் மேசையைச் சுற்றி ஆண்கள். நுழைபவளை அத்தனை தலைகளும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். கழிப்பறை இல்லை. அது வாடகைக் கட்டடம், உரிமையாளர் கட்டித் தரவில்லை. கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு பெண் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதை எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது. பெண்கள் வருவதில்லை என்பது இங்கே காரணமாகக் காட்டப்படுகிறது. உண்மையில் அது விளைவு. ஒருத்தியை வரவிடாமல் செய்துவிட்டு, வரவில்லை என்பதற்காக அவளுடைய நாற்காலியை எடுத்துவிடுவது எந்த நியாயத்தில் சேர்த்தி?

2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தபோது, எத்தனை பெண்கள் வெளியே போக விரும்புகிறார்கள் என்று யாரும் முதலில் கணக்கெடுக்கவில்லை. கதவைத் திறந்தார்கள், பேருந்துகள் நிறைந்தன. அதுவரை பயணம் செய்யாதவர்களுக்குப் பயணத்தில் விருப்பம் இல்லாமல் இருந்ததா என்ன? 1931இல் ரங்கநாதன் வெளியிட்ட நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்பது. அதாவது வாசகரைத் தேடிப் போகும் பொறுப்பு நூலகத்துடையது. பெண்களுக்கும் புத்தகம் உரியது என்பதையும் அதே நூலில் அவர் தனியாகவே வாதிடுகிறார். அந்தக் காலத்தில் அதற்கு வாதிட வேண்டியிருந்தது. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

நூலகத்துக்காகப் பேசும் நம்மவர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. மூடாதீர்கள் என்று கேட்கும்போது, இங்கே படித்து எத்தனை பேர் டிஎன்பிஎஸ்சி தேறினார்கள் என்ற பட்டியலை முதலில் நீட்டுகிறோம். பட்டியல் உண்மைதான், அந்தப் பெண்களின் வேலை உண்மைதான், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். தேர்வுக்குப் படிக்கிறேன் என்று சொல்லித்தான் பல பெண்கள் நூலகத்துக்குப் போக வீட்டில் அனுமதி வாங்குகிறார்கள். என் உறவுக்காரப் பெண் ஒருத்தி பொது அறிவுப் புத்தகத்தை மேலே வைத்து, அடியில் நாவலை வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். தேர்வு எழுதும் வயது தாண்டியதும் அனுமதியும் முடிந்துபோயிற்று. "இனிமே எதுக்கு லைப்ரரி?" என்றார்கள்.

எதுக்கு என்பது பெண்ணிடம் மட்டும் ஓயாமல் கேட்கப்படும் கேள்வி. எதுக்கு வெளியே போறே, எதுக்கு மாடியில் நிக்கிறே, எதுக்கு விளக்குப் போட்டு வச்சிருக்கே. கோயிலுக்குப் போக வேண்டுதல் வேண்டும், கடைக்குப் போகச் சாமான் பட்டியல் வேண்டும், மருத்துவமனைக்குப் போக நோய் வேண்டும். ஆணுக்கு டீக்கடை பெஞ்சு இருக்கிறது. அங்கே அவன் சும்மா உட்காரலாம். ஒரு பெண் காசு கொடுக்காமல், காரணம் சொல்லாமல், யாருடைய மனைவியாகவோ தாயாகவோ இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்காரக்கூடிய பொதுக் கட்டடம் எங்கள் ஊரில் நூலகம் ஒன்றுதான். வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதிய 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' நூலின் தொடக்கத்தில், துணைக்குக் கல்லூரியின் ஃபெலோ ஒருவரோ கையில் அறிமுகக் கடிதமோ இல்லாததால் ஒரு பெண்ணைக் கல்லூரி நூலகத்தின் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். நம் பொது நூலகத்தின் வாசலில் அப்படி யாரும் நிற்பதில்லை. ஆனால் பயனைக் காட்டினால்தான் பணம் என்று நாமே ஒத்துக்கொண்டால், வீட்டில் கேட்ட அதே கேள்வியை நூலகத்தின் வாசலிலும் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் ஆகிறோம்.

எல்லாம் செல்போனில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று. அந்தப் போன் யாருடையது, இரவில் அதை யார் எடுத்துப் பார்க்கிறார்கள்? நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுவருகிறார்கள். படுக்கையில் இருப்பவருக்கும் நடக்க முடியாதவருக்கும் அது பெரிய உதவி. ஆனால் நடக்கக்கூடிய பெண்ணுக்கு அதையே மாற்றாக்கினால், புத்தகம் தெருவைக் கடந்து வரும், அவள் கடக்க மாட்டாள். மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தைப் பார்த்து நானும் மகிழ்ந்தேன். அது என் தெருமுனை நூலகத்துக்கு ஈடாகாது. உலை வைத்துவிட்டு அவ்வளவு தூரம் போய்வர முடியாது.

இந்த வாதத்தில் எனக்கே உறுத்தும் இடம் ஒன்று உண்டு. பணம் குறையும்போது நூலகத்தைத் திறந்து வைத்திருப்பது யார்? ஊர்ப்புற நூலகங்களிலும் பகுதிநேர நூலகங்களிலும் குறைந்த ஊதியத்தில் வேலை செய்பவர்களில் பெண்கள் கணிசம். கூட்டிப் பெருக்குவதும் அவர்தான், அடுக்குவதும் அவர்தான், பதிவேடு எழுதுவதும் அவர்தான். எனக்குச் சும்மா உட்கார ஓர் இடம் வேண்டும் என்று நான் கேட்கும்போது, இன்னொரு பெண்ணின் மலிவான உழைப்பில் அதைக் கேட்கிறேனா? தன்னார்வலர்களை வைத்து நடத்தலாம் என்ற யோசனை வரும்போதெல்லாம் எனக்குச் சமையலறைதான் ஞாபகம் வருகிறது. அங்கேயும் அன்பின் பெயரில்தான் சம்பளம் இல்லாமல் போனது. கட்டாயம் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால், நூலகம் திறந்திருக்கும் நேரம் குறையட்டும், நூலகரின் ஊதியம் குறையக் கூடாது என்பேன். ஆனால் எந்த நேரம் குறைய வேண்டும் என்பதைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்களிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. ரேஷன் கடை வரிசையிலும் மகளிர் குழுக் கூட்டத்திலும் கேட்க வேண்டும். காலை இரண்டு மணி நேரத்தை எடுத்துப் பன்னிரண்டிலிருந்து இரண்டுக்கு மாற்றுவதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. கழிப்பறைக்குத் தேவை. நிலுவையில் இருக்கும் நூலக வரியில் அது வரும்.

உங்கள் ஊராட்சி நூலக வரியாக எவ்வளவு வசூலித்தது, எவ்வளவு செலுத்தியது என்று கிராம சபையில் கேட்கலாம், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதியும் வாங்கலாம். நகராட்சியில் இருப்பவர்கள் வார்டு உறுப்பினரிடமே கேட்கலாம். அவர் பெண்ணாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி.