உதிர்தலும் உருவுதலும்

மாசி, பங்குனியில் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளில் பல மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு நிற்கும். அதிலே ஒரு தத்துவம் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. மரத்தைப் பார், எல்லாத்தையும் விட்டுட்டு நிக்குது, மனுசன்தான் புடிச்சிக்கினு அலையறான் என்று. துறவிகளின் ஊர் இது. 1896இல் வந்த ரமணர் 1950இல் மறையும்வரை இங்கேயே இருந்தார். இலையுதிர்வு இங்கே துறவாகத் தெரிவதில் வியப்பில்லை. ஆனால் மரம் உண்மையில் துறக்கிறதா?

கோடையில் மண்ணின் ஈரம் வற்றுகிறது. இலைத்துளை வழியாக நீர் போய்க்கொண்டே இருந்தால் மரம் பட்டுப்போகும். எனவே இலையை விடுகிறது. சும்மா விடுவதில்லை. முதலில் பச்சையத்தை உடைத்து, இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் முதலான சத்துகளில் கணிசமான பங்கைக் கிளைக்கும் தண்டுக்கும் இழுத்துக்கொள்கிறது. ஆக்சின் குறைகிறது, எத்திலீன் வேலை செய்கிறது, காம்படியில் ஒரு பிரிபடலம் உண்டாகிறது. காயம் தக்கைபோல் மூடிக்கொள்கிறது. விழுந்த சருகும் மரத்தடி மண்ணுக்கே எருவாகிறது. இது துறவு அல்ல, கணக்கு. குறையாகச் சொல்லவில்லை, வாழ நினைக்கிற உயிர் அப்படித்தான் செய்யும்.

உருவுதல் வேறு. துரட்டி போட்டு இழுத்தாலும் ஆடு கடித்தாலும் பச்சை இலை சத்தோடு போகிறது. காயம் திறந்தே கிடக்கிறது. சேமிப்பை எடுத்துத்தான் மரம் மறுபடி துளிர்க்க வேண்டும். விடாமல் உருவினால் சேமிப்பும் தீர்ந்து மரம் செத்துப்போகும். தூரத்தில் நின்று பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மொட்டை மரம்தான். அந்தத் தூரத்திலிருந்துதான் தத்துவம் பேசப்படுகிறது.

உருவுகிற வேலையும் நம் சனத்தின் தலையில்தான் விழுந்தது. புங்கன், வேம்பு, கொளிஞ்சி, எருக்கு என்று தழை ஒடித்து, தலைச்சுமையாய்க் கொண்டுவந்து, அடுத்தவன் நஞ்சையில் மிதித்தார்கள். 1882இன் சென்னை வனச் சட்டத்துக்குப் பின் காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் தழை ஒடிப்பது குற்றம். ஒடித்தவள் குற்றவாளி. வயல்காரன் பண்ணையார்.

நிலமும் அப்படித்தான் போனது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறர் வாங்கக்கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. இருந்தும் பெரும்பகுதி கைமாறிப்போனது. காரணை நிலத்தை மீட்கக் கேட்டுச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10 அன்று திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். இதுவும் தானாக உதிர்ந்த இலையா? இந்த மாவட்டத்துத் தென்முடியனூரில் தலித்துகள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 30இல், அதுவும் போலீஸ் காவலோடு. அதுவரை தலைமுறை தலைமுறையாக வெளியே நின்றதைப் பற்றின்மை என்று எழுதலாமா?

வியட்நாமில் 1962 முதல் 1971 வரை அமெரிக்க விமானங்கள் 7 கோடி லிட்டருக்கு மேல் களைக்கொல்லி தெளித்துக் காடுகளை மொட்டையடித்தன. அதில் பெரும்பங்கான ஏஜென்ட் ஆரஞ்சு, மரத்தின் சொந்தச் சுரப்பான ஆக்சினைப் போலவே வேடமிட்டு உள்ளே போனது. தன் உடம்பின் கட்டளை என்றே மரம் அதற்குக் கீழ்ப்படிந்து அழிந்தது. இல்லாதவனுக்குச் சொல்லப்படும் பற்றின்மை உபதேசமும் இந்த ரகம்தான். வெளியிலிருந்து வருகிறது, நம் மனசின் குரல்போலவே உள்ளே பேசுகிறது. கூலி கேட்க வாய் திறக்கும்போது, 'எதுக்கு இந்த ஆசை?' என்று நம்மையே கேட்க வைக்கிறது.

அப்படியானால் துறவே பொய்யா? இல்லை. 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் சொல்லும் சித்தார்த்தன், கிழவனையும் பிணத்தையும் பார்த்து வீட்டைவிட்டுப் போனவன் அல்ல. ரோகிணி ஆற்றுத் தண்ணீருக்காகக் கோலியர்மேல் போர் தொடுக்கச் சாக்கிய சங்கம் முடிவெடுத்தபோது மறுத்தவன். குடும்பத்தின் நிலத்தைப் பறிமுதல் செய்வோம் என்றார்கள். அந்தத் தண்டனை தன் வீட்டார்மேல் விழாமல் தானே ஏற்று வெளியேறினான். தண்ணீரின் விலையும் நிலத்தின் விலையும் தெரிந்த துறவு அது.

விடுவதற்கு முன்னால் கையில் இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும், வேண்டும் என்று சொல்லவும் உரிமை இருக்க வேண்டும். அது இல்லாதவனிடம் போய் மரத்தைக் காட்டாதீர்கள். காட்டுவதானால், துரட்டி யார் கையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.