மறுதலித்தல்

விழுப்புரத்தில் எங்கள் கிளைக்கு நாலு மணிக்கு டீ வரும். விபூதிப் புதனிலிருந்து ஈஸ்டர் வரை பக்கத்துக் கவுண்ட்டர் நண்பர் டம்ளரைத் தொடமாட்டார். வேண்டாம் என்று சொல்வதுகூட இல்லை. டீக்காரர் தானாகவே அவரைத் தாண்டிப் போய்விடுவார். மிச்சமாகும் காசு அட்டை உண்டியலில் சேர்ந்து கோயிலுக்குப் போகிறது. மூன்றாவது வருஷம் அவர் சொன்னார்: "இப்ப டீ மேல ஆசையே இல்ல சார். ஆனா குடிக்காம இருக்கறதுல ஒரு ருசி வந்துடுச்சி. அதை எப்படி விடறது?"

1966இல் பாப்பு ஆறாம் சின்னப்பர் கட்டாய உபவாசத்தை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்ற இரண்டு நாட்களாகச் சுருக்கினார். சட்டம் விலகிய இடத்தில் மனிதன் தன் ஒறுத்தலைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. ஊரே சேர்ந்து பட்டினி கிடக்கையில் யாருக்கும் பெருமை இல்லை. தேர்ந்துகொண்டவனுக்கோ தேர்ந்தவன் என்ற பிரக்ஞை ஒட்டிக்கொள்கிறது.

பழைய தமிழ் பைபிள் சீடனிடம் கேட்பது தன்னை வெறுத்தலை; 1995இன் பொது மொழிபெயர்ப்பு தன்னலம் துறத்தலை. இரண்டிலும் நமக்குப் பழகிய காவிவாடை. மாற்கு எழுதிய கிரேக்க வினைச்சொல் வேறு. சேவல் கூவுமுன் நீ என்னை மறுதலிப்பாய் என்று பேதுருவிடம் சொல்லுமிடத்திலும் அதே வினைதான் வருகிறது. அதாவது, இந்த ஆளை எனக்குத் தெரியாது என்று கைகழுவுதல். பேதுரு அதை ஏசுவைப் பற்றிச் சொன்னான். தன்னைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? டீயை விட்டவனுக்கு, டீயை விட்டவனை நன்றாகவே தெரிகிறது.

இதனால் சிறிய ஒறுத்தல்கள் போலி என்று நான் சொல்ல வரவில்லை. சபைகளில் பிடியரிசி என்று ஒன்று உண்டு. உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியை வேறு பானையில் போட்டுவிடுவது. நாள் கிழமை கிடையாது. கை செய்கிறது, மனம் குழம்புக்குப் புளி இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. மறுதலித்தலுக்கு இதைவிட நெருங்கிய ஒன்றை நான் பார்த்ததில்லை. (பிடி எல்லா வீட்டிலும் ஒரே அளவு, பானை அப்படியல்ல.)

விடுவது யாருடையது என்பது இன்னும் கஷ்டமான கேள்வி. 1890இல் திண்டிவனம் மிஷன் வீட்டில், நோயுற்ற தாய்க்கு உதவ வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்தார்கள். ஐடாவின் தகப்பனார் டாக்டர், ஆனால் ஆண். மூவரும் மறுத்தார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900இல் திரும்பி வேலூரில் நிலைத்தது எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு அந்தக் கணவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். ஆசாரத்துக்காக அவர்களும் ஒன்றை விட்டார்கள். விட்டது தங்கள் உயிரை அல்ல.

அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த எறையூரில், ஒரே மதத்தின் இரு சாதியார் தனிப்பங்கு விஷயமாக மோதிக்கொண்டதும், போலீஸ் சுட்டதில் இருவர் இறந்ததும் 2008 மார்ச் 9. அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. ஆக, அது தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. இறைச்சியை விட்டிருந்தவர்கள் இருந்திருப்பார்கள். தலித் கிறிஸ்தவரின் பிணம் முக்கியத் தெரு வழியே போகலாம் என்று விடுவதற்குத்தான் ஆளில்லை. ஒரு பாடையின் அகலம் எவ்வளவு இருக்கும்? தெரு மறுக்கப்பட்டவனிடம் போய், நீயும் எதையாவது ஒறுத்துக்கொள் என்று பீடத்திலிருந்து சொல்ல எப்படி வாய் வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. போன தவக்காலத்தில் ஒரு நாள், தாண்டிப் போன டீக்காரரைக் கூப்பிட்டு ஒரு டம்ளர் வாங்கி நிதானமாகக் குடித்தார். குடித்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.