பூவைக் கிள்ளாமல் முட்டுக் கொடுப்பவர்கள்

ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கத்துச் செம்மண் காடுகளில் முந்திரி பழைய பயிர். முன்பெல்லாம் கொட்டையை ஊன்றிவிட்டுப் போவார்கள். அது தன் போக்கில் வேர் விட்டு, ஆடிக்காற்றோடு மல்லுக்கட்டி, நிதானமாகக் காய்க்கும். இப்போது நடுவது ஒட்டுக்கன்று. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 போன்ற ரகங்கள் வந்தபின் பொறுமை குறைந்துவிட்டது, மரத்துக்கும் மனிதருக்கும்.

ஒட்டுக்கு எடுக்கும் குச்சி, காய்க்கிற தாய்மரத்தினுடையது. கன்றுக்கு வயது ஒன்றுதான், ஆனால் குச்சிக்கு அந்த நினைப்பே இல்லை. வேர் ஆழம் போவதற்குள் தழைத்துவிடும். முதல் வருஷமே பூவெடுக்கும். தலை கனத்துத் தண்டு வளையும். காற்று சற்று வேகமாக அடித்தால் ஒட்டுக்கட்டிலேயே முறியும்.

அதனால்தான் நட்ட கையோடு முட்டுக் கொடுக்கப் பக்கத்தில் ஒரு குச்சி ஊன்றுகிறார்கள். கைப்பக்குவம் இருப்பது கட்டுவதில். சணலை எட்டுப் போல மாற்றிச் சுற்றி, தண்டும் குச்சியும் உரசாதபடி தளர்வாக முடிய வேண்டும். நைலான் கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டு மறந்தால், தண்டு பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கிவிடும். பிறகு கன்று முறிவது அந்த இடத்தில்தான்.

தளர்வு எதற்கு என்பதை 1803-லேயே ஒருவர் சோதித்துக் காட்டினார். தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலை அறிஞர் இளம் ஆப்பிள் மரங்களில் சிலவற்றை அசையாமல் கட்டினார், சிலவற்றைக் காற்றில் ஆடவிட்டார். ஆடியவற்றின் அடித்தண்டுதான் நன்றாகப் பருத்தது. ஒரே திசையில் ஆடவிட்ட மரம் அந்தத் திசையிலேயே கூடுதலாகப் பருத்தது.

முட்டுக் கொடுப்பதைவிட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. நட்ட முதல் இரண்டு வருஷம் வரும் பூங்கொத்துகளைக் கிள்ளிவிடச் சொல்கிறது வேளாண் துறைப் பரிந்துரை. மூன்றாம் வருஷத்திலிருந்து காய்க்கவிடலாம். கேட்கச் சுலபம். கண்ணெதிரே பூத்ததைக் கிள்ள யாருக்கு மனசு வரும்?

வீடுகளிலும் இதே கதைதான். பெரம்பலூர், அரியலூர்க் கிராமங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் போட்டுப் பிள்ளையைப் படிக்கவைத்த குடும்பங்கள் ஏராளம். குடும்பத்தின் முதல் பட்டதாரி சென்னையில் வேலைக்குச் சேர்ந்த மாதமே வீட்டுக்கடன், தங்கச்சி கல்யாணம், அப்பாவின் நகைக்கடன் எல்லாம் அந்த முதல் சம்பளத்தின்மேல் வந்து உட்கார்ந்துவிடும். அவன் தடுமாறினால் ஆளாளுக்கு அறிவுரை சொல்வார்கள், ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு “சாப்பிட்டியா, எவ்வளவு மிச்சம் பிடிச்சே?” என்பார்கள். அக்கறைதான், சந்தேகமில்லை. ஆனால் பாரத்தை இறக்க மனசில்லாத இடத்தில்தான் முட்டுகள் பெருகுகின்றன.

இல்லாத வீடு எப்படிப் பொறுத்திருக்கும் என்ற கேள்வி நியாயமானது. முந்திரி போட்டவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். அதற்காக அவர் கன்றை நம்பி உட்கார்ந்திருப்பதில்லை. இடைவெளியில் கடலையோ உளுந்தோ விதைத்து அந்த வருஷங்களை ஓட்டிவிடுகிறார். மகனின் சம்பளம் வந்த மாதத்திலிருந்தே மற்ற வரவுகளை மூட்டைகட்டி வைக்கும் வீடுகள் இந்த ஊடுபயிர்க் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம்.

போன மழைக்கு நட்டவர்கள் இந்த வாரம் ஒரு கத்தியோடு தோப்பைச் சுற்றி வாருங்கள். தண்டைக் கவ்விய கயிறு எதுவாக இருந்தாலும் அறுத்துத் தளர்வாக மறுபடி கட்டுங்கள். கட்டை அவிழ்த்தாலும் நிமிர்ந்து நிற்கிற கன்றின் குச்சியைப் பிடுங்கிவிடுங்கள்.