சிந்தை சிதறியோர்க்குச் செய்யும் பணி



செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரில் 18-12-2021 அன்று, 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் நற்பணி அது. ஆயினும் தலைக்காயமோ பக்கவாதமோ உற்றவர் வீடு திரும்பிய பின்னரே இல்லத்தாரின் பொறுப்புத் தொடங்குகிறது.

கை கால் தேறுவதைக் காண்கிறோம். சிந்தை சிதறுவதைக் காண்பதில்லை. உண்ணும்போது அருகில் ஒருவர் பேசினால் கவளம் கையிலேயே நின்றுவிடும். மூளையின் வலப்புறம் பழுதுற்றோர் சிலர் இலையின் வலப்பாதியை மட்டும் உண்டு, "இன்னும் சோறு இல்லையா?" என்பர். கண் கெட்டிராது, கவனமே இடப்புறம் செல்வதில்லை. "வேண்டுமென்றே செய்கிறார்" என்று வீட்டார் கடிகின்றனர். மாமல்லபுரத்து அருச்சுனன் தபசுப் பாறையில், ஒற்றைக்காலில் நிற்கும் தவசியைப் போலப் பூனையொன்றும் கைகளை உயர்த்தி நிற்கிறது, எலிகள் சூழ! நடிப்பு அந்தப் பூனையினுடையது, நோயுற்றவருடையதன்று.

சிந்தையை ஒன்றில் நிறுத்துவதே தியானம் என்ற உமாஸ்வாமி ஆசாரியர், அதனை உத்தம சம்ஹனனம் உடையோர்க்கே உரைத்தார். அதுவும் அந்தர்முகூர்த்தம், அதாவது இரு நாழிகைக்கு உட்பட்டே. சம்ஹனனமாவது எலும்புக்கட்டின் உறுதி. மன ஒருமைக்கு உடல் வலிமை வேண்டும் என்று தத்துவார்த்த சூத்திரமே கூற, மூளை புண்பட்டவரிடம் நாம் முழுக்கவனத்தை எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

பயிற்சி உண்டு. தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே வேலை, சில நிமிடங்களே தருதல் வேண்டும். தானியத்தில் சிற்றுயிர் உளதா என்று பார்த்துப் பொறுக்கும் நம் வீட்டு வழக்கம் இதற்கு மிகவும் ஏற்றது. புத்தகத்தின் இடவோரத்தில் சிவப்புப் பட்டையொன்றை ஒட்டி, ஒவ்வொரு வரியையும் அதைத் தேடிக் கண்டபின் படிக்கச் செய்வர். மருத்துவரைக் கேட்டே இவற்றைத் தொடங்குக. 2019-இல் காக்ரேன் அமைப்பு ஆறு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. பயிற்சி முடிந்தவுடன் கவனம் ஓரளவு மேம்படலாம், அது நிலைக்குமா என்பது உறுதியாகவில்லை என்றது. ஆதலின் முழுக்குணம் உறுதியென்று பெருந்தொகை கேட்போரிடம் எச்சரிக்கை தேவை.

முன்வினை என்று சொல்லி ஒதுங்குவோரும் நம்முள் உளர். வினையைக் கூறியவர்களே, நோயுற்றோர்க்குச் செய்யும் வையாவிருத்தியத்தை அகத்தவம் ஆறனுள் ஒன்றாக வைத்தனர் என்பதை அவர்கள் மறக்கின்றனர். இன்று மாலை சாமாயிகம் முடிந்ததும் அவரருகே செல்வோம். வலப்பக்கம் நின்று பெயர் சொல்லி அழைத்து, மெல்ல இடப்பக்கம் நகர்ந்து அமர்வோம். பஞ்ச நமஸ்காரத்தை ஓரோர் அடியாகச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்போம். இரண்டாம் அடியில் களைத்துவிட்டால், மூன்றாம் அடி நாளைக்கு.